கடுவனுக்குப் பதினாறாம் நாள்

செத்துப்போன குரங்குக்கு மாலை வாங்கப் பெரியகுளத்துக்கு யார் போவது என்பதில் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. மோட்டார் ரூம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அதை உட்காரவைத்து, சாய்ந்துவிடாமலிருக்க நெஞ்சைச் சுற்றித் துண்டால் கட்டியிருந்தார்கள். நெற்றியில் திருநீறும் குங்குமமும். வலது முன்னங்கையில் முடி கருகி, தீய்ந்த வாடை இன்னும் போகவில்லை.

"ரோசாப்பூ மாலையா வாங்குங்கலே. சம்பங்கி வெயிலுக்குத் துவண்டு போகும்" என்றாள் மூக்கம்மாள். அவள் வேலுச்சாமியின் அக்கா. கெங்குவார்பட்டியில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் உட்கார்ந்து, கடைசியில் எழுந்து வருகிறவள்.

வேலுச்சாமியின் பெண்டாட்டி சந்தனம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய வாளியோடு மாமரத்தடியில் நின்றாள். தோட்டம் அவர்களுடையது, வீடும் அதற்குள்ளேயே. நாற்காலியும் அவர்களுடையதுதான். கேட்காமலே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

வினோத்ராஜ் செல்போனோடு அவளிடம் வந்தான். முப்பது வயது. வேலுச்சாமிக்குப் பங்காளி மகன். ஊரில் பிளெக்ஸ் அடிக்கிற வேலையெல்லாம் அவன் பொறுப்பு.

"சித்தி, இத பாருங்க. 'கண்ணீர் அஞ்சலி, அஞ்சனை மைந்தன்'. எப்பிடி இருக்கு?"

அவள் பார்த்தாள். படத்தில் செக்கச்செவேலென்று முகமும் குட்டை வாலுமாக ஏதோ ஒரு குரங்கு இருந்தது.

"இது நம்ம குரங்கு இல்லையேப்பா."

"நெட்ல எடுத்தேன் சித்தி. எல்லாம் ஒண்ணுதானே?"

"எப்பிடி ஒண்ணாகும்? நம்மதுக்கு உச்சந்தலையில வகிடு எடுத்துச் சீவுனாப்புல இருபக்கமும் முடி விழுகும். வாலு ஒடம்பவிட நீளம். இது எங்கனயோ வடக்கத்திக் குரங்கு."

"அது யாருக்குத் தெரியப்போகுது?" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

எனக்குத் தெரியுமே என்று அவள் சொல்ல நினைத்தாள். எட்டு வருடமாக அந்தக் கூட்டத்தோடு மல்லுக்கு நிற்கிறவள் அவள்தான். ஊரில் யாரும் அவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்ததில்லை. 'கொரங்கு' என்று மொத்தமாகச் சொல்லிவிடுவார்கள். அவளுக்கு இருபத்து மூன்று உருப்படியையும் தனித்தனியாகத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரியோடு இருபது வருடம் சண்டை போட்டால் அவள் நடையின் சத்தம்கூடத் தெரிந்துவிடுமே, அதுபோல.

கூட்டத்துக்குப் பெரியவள் ஒரு கிழட்டுப் பொட்டை. இடது காது பாதி பிய்ந்திருக்கும். சந்தனம்மாள் அதை மூளி என்பாள். மூளிக்கு மூன்று மகள்கள். மகள்களுக்கும் பெண்குட்டிகள் உண்டு. மாசி பங்குனியில் மூவரும் ஆளுக்கொன்று ஈன்று, வயிற்றில் ஒட்டிக்கொண்ட குட்டியோடு சித்திரையில் சரியாகக் காய்க்கு வந்து சேர்வார்கள். மூளி தின்கிற கிளையில் வேறு யாரும் கைவைக்க முடியாது. அவளுக்கு அடுத்தபடி மூத்தவள் இல்லை, கடைக்குட்டிதான். கடைக்குட்டி வந்தால் அக்காள்கள் இரண்டும் ஒதுங்கி இடம் விடும். தாய் பின்னால் நிற்கிறாள் என்ற தைரியம். தாடை இரண்டிலும் மாங்காய்த் துண்டுகளை அடைத்துக்கொண்டு உச்சிக்கிளைக்குப் போய், நிதானமாக ஒவ்வொன்றாக வெளியே தள்ளி மெல்லும். ஒன்றை முழுசாகத் தின்பதற்குள் ஆறு காயைக் கடித்துக் கீழே போட்டிருக்கும்.

ஆண்குரங்குகள் பிறந்த கூட்டத்தில் நிலைப்பதில்லை. நான்கைந்து வயதானதும் காணாமல் போகும். வேறெங்கிருந்தோ ஒன்று வந்து ஓரமாக உட்கார்ந்து, பேன் பார்த்துவிட்டு, மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்ளும். இருக்கிற ஆண்களும் பெரிதாக விரட்டாது. மத்தியானத்தில் ஆண்கள் நாலும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு தூங்கும். செத்துப்போனது அப்படிப் போன ஐப்பசியில் வந்ததுதான். கொடைக்கானல் மலைரோட்டில் கார்க்காரர்கள் வீசுகிற சிப்ஸ் பாக்கெட்டைத் தின்று கொழுத்தது. அதற்குக் கொடைக்கானலான் என்று பெயர் வைத்திருந்தாள். ஏழு மாதம்தான் இங்கே இருந்தது. அதைத்தான் ஊரே இப்போது 'கூட்டத்துத் தலைவன் போயிட்டான்' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

தலைவனாம். மூளி இந்நேரம் கிணற்றடி இலவமரத்தில் உட்கார்ந்து கடைக்குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தனம்மாள் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு வேறு காரணம் இருந்தது. காலையில் கொடைக்கானலான் மீது கல்லை எறிந்தது அவள்தான்.

காசாலட்டு மாமரத்தில் உட்கார்ந்து, பிய்ப்பதும் ஒரு கடி கடிப்பதும் போடுவதுமாக இருந்தது. முதலில் கத்தினாள். தகரத்தைத் தட்டினாள். அது அவளைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பிய்த்தது. போன வருடம் பாதிக் காய் இப்படித்தான் போயிற்று. 'இந்த வருசமும் காய் தங்கலேன்னா மரத்த வெட்டிட்டு எடத்தச் செங்கல் சூளைக்கு விட்ருவேன்' என்று வேலுச்சாமி தைமாசமே சொல்லியிருந்தார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார், அதனால்தான் பயமாக இருந்தது. நாற்பத்திரண்டு மரம். கன்றாக இருந்தபோது மோட்டார் கிடையாது. இரண்டு கோடை முழுக்கத் தண்ணீர் அவள் இடுப்புக் குடத்தில்தான் போயிற்று. எல்லாம் ஒரு நொடியில் கைக்குள் திரண்டு கல்லாகப் போய் அதன் தோளில் பட்டது. அது தாவியது. தாவிய இடத்தில் மின்கம்பி இருந்தது.

பொறி பறந்தது. கரண்டு நின்றது. மூளியும் மகள்களும் 'கெர்ர்' என்று காறியதுபோல் ஒரே சத்தம். பிறகு எங்கிருந்தோ வேலுச்சாமி ஓடிவந்து காய்ந்த மூங்கிலால் அதைத் தள்ளிவிட்டார். வரப்பில் ஓடிவந்த முதல் ஆளிடம், அவன் கேட்பதற்கு முன்பே, "தானாத் தாவிருச்சுப்பா" என்றார். நல்லவேளை, அவர் பார்க்கவில்லை என்று நினைத்தாள்.

சாயங்காலம் மாலை வந்தது, மேளம் வந்தது. எங்கே புதைப்பது என்ற கேள்வி வந்தபோது வேலுச்சாமி எழுந்து, "உசிரு போன எடத்துலயே இருக்கட்டும். நம்ம தோட்டத்துலயே வச்சுருவோம்" என்றார். எதற்கும் இரண்டு நாள் யோசிக்கிற மனிதர். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாற்றவே ஒரு வாரம் யோசிப்பார். சந்தனம்மாளுக்கு வாளியை அவர் தலையில் கவிழ்க்கலாம்போல் இருந்தது.

மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. மூளியின் நடுமகள் வேலிப்பக்கம் இறங்கி வந்திருந்தது. சந்தனம்மாள் ஓரடி முன்னால் வைத்தாள். அது அவளைப் பார்த்து உதட்டைப் பின்னால் இழுத்துப் பல் வரிசை முழுக்கக் காட்டியது.

"அய்யோ, சிரிக்குது!" என்றாள் மூக்கம்மாள். "ஆத்தா சந்தனம், ஒன்னயப் பாத்துச் சிரிக்குதுடி!"

எல்லாரும் திரும்பினார்கள். அவள் ஒரு எட்டு பின்வாங்கினாள். குரங்கு வாயை மூடியது. தெரியாமல் மறுபடி முன்னால் நகர்ந்தாள். மறுபடி பல்.

"வேற யாரையும் பாத்துச் சிரிக்கலையே. இந்தா நான் நிக்கிறேன், என்னயத் திரும்பியாவது பாக்குதா? ஒனக்குத்தேன் உத்தரவு குடுத்திருக்காரு. பதினாறாம் நாள் படையலுக்கு மொத எலை ஒங்கையாலதான் வைக்கணும்."

அது சிரிப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். மூளி முறைத்தால் மற்றதெல்லாம் அப்படித்தான் பல்லைக் காட்டும். 'என்னை அடிக்காதே, நான் சின்னவள்' என்பதற்கு அவைகள் சொல்கிற விதம் அது. வெறும் பயம். அந்தப் பொட்டை காலையில் அவள் கையைப் பார்த்திருந்தது. ஊரில் அதை மட்டும்தான் அவளால் ஏமாற்ற முடியாது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் கல்லைச் சொல்ல வேண்டும்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. காலையில் ஒருத்தி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். மத்தியானம் இன்னொருத்தி தேங்காய்மூடி, பொரிகடலை. சனிக்கிழமை வத்தலக்குண்டிலிருந்து ஒரு வேன் வந்தது. வினோத்ராஜ் செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசி இடுப்பளவுக்குப் பீடம் கட்டிவிட்டான். முன்பு குரங்குக் கூட்டம் காலையில் வரும், அடிவாரத்து ஆலமரத்துக்கு இருட்டும் முன் திரும்பும். மூன்றாம் நாள் திரும்பவில்லை. கிணற்றடி இலவமரத்திலேயே அடைந்தது. இடையில் பசித்தால் மாங்காய். பழம் கொண்டுவருகிறவர்கள் அதையும் ரசித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சந்தனம்மாள் வெளியே வந்தால் மட்டும் இலவமரத்திலிருந்து 'கெர்ர்' என்று ஒரு சத்தம் வரும். குட்டிகள் தாய் வயிற்றுக்குப் பாயும்.

"ஒன்னயக் கூப்புடுதாக பாரு" என்பாள் மூக்கம்மாள்.

"மதினி, அது சிறுத்தையக் கண்டாக் கத்துற கத்து."

"ஒனக்கு நெனப்பப் பாரு. சிறுத்தையாம்ல!"

பத்தாம் நாள் மத்தியானம் வேலுச்சாமி சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள்.

"தெக்குப் பக்கம் போயிப் பாத்தீகளா?"

"ம்."

"ஆறு மரத்துல கீழ்க்கொப்புல ஒரு காய் இல்ல. இந்தப் பதினாறு நாளைக்குத் தின்னு பழகுனதுக அப்புறம் எங்க போகும்? பழம் கொண்டாறவக ஆடியில வருவாகளா? ஆவணியில வருவாகளா? இதுக வருமே!"

"சாமி காரியம்."

"அது சாமியுமில்ல, தலைவனுமில்ல. ஏழு மாசத்துக்கு முன்னால வந்த வெளியூர்க்காரன். ஆம்பளக் குரங்கு வரும், போகும். கூட்டம் அந்தப் பொட்டைகளோடது. இந்தக் கரட்டுல எந்த மரத்துல எப்ப என்ன காய்க்கும்னு மூளிக்குத் தெரியும். அவ மக கத்துக்கிட்டா, பேத்தி கத்துக்குவா. ஒருக்கா இது சோறு போடுற எடம்னு அவ முடிவு பண்ணிட்டா, நீங்களும் நானும் செத்தப்புறமும் இங்கனதான் இருக்குங்க. நான் சொல்றது கேக்குதா?"

"குழம்பு ஊத்து."

ஊற்றினாள். கரண்டியைச் சட்டியில் போட்ட சத்தம் வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

பாத்திரம் கழுவும்போது இலவமரத்தைப் பார்த்தாள். வரிசையாகத் தாய், மகள், பேத்தி. ஒருத்திக்கொருத்தி முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். பிறந்த கிளையைவிட்டு இதில் ஒருத்தியும் போகமாட்டாள். சந்தனம்மாள் பத்தொன்பது வயதில் கடமலைக்குண்டிலிருந்து இங்கே வந்தவள். முப்பது வருடமாகிறது. இன்னும் கோபம் வந்தால் மூக்கம்மாள் 'கடமலைக்குண்டுக்காரி' என்றுதான் சொல்வாள். கொடைக்கானலான் ஓரமாக உட்கார்ந்து பேன் பார்த்து இடம் பிடித்ததுபோலத்தான் அவளும். என்ன, அவனுக்கு ஏழு மாதத்தில் பீடம் கட்டிவிட்டார்கள். என் வார்த்தை ஒன்றுகூட இங்கே நிற்கவில்லையே என்று நினைத்தாள். நினைத்தவுடன், செத்ததைப் பார்த்துப் பொறாமைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

பதினாறாம் நாள் காலையில் தோட்டத்தில் அடுப்பு மூட்டினார்கள். பெரிய அண்டாவில் புளியோதரை, இன்னொன்றில் சுண்டல். மூக்கம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துடுப்பைப் பிடித்து நின்றாள். "படைக்கிறதுக்கு முந்தி யாரும் வாயில வச்சுப் பாக்கக்கூடாது" என்று மூன்று தரம் சொன்னாள். கூட்டம் மொத்தமும் வேலிமேல் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தது. மூளி நடுவில்.

சந்தனம்மாள் வீட்டுக்குள் வந்தாள். வேலுச்சாமி வெள்ளைச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் மொத எலை வைக்க மாட்டேன்."

"ஏன்?"

"கல்லெறிஞ்சு அதக் கொன்னது நான்." "நான் எறிஞ்ச கல்லுலதான் கம்பியில தாவுச்சு."

அவர் அடுத்த பித்தானைப் போட்டார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"வாய்க்கா ஓரத்துல நின்னேன். பாத்தேன்."



"பாத்துட்டா இம்புட்டு நாளா சும்மா இருந்தீக?"

"ஊருல தெரிஞ்சா ஒன்னயத்தானே பேசுவாக. வனத்துறைக்கு எவனாவது போன் போடுவான். பாவம்னு ஒண்ணு இருக்குல்ல. அதான் நம்ம எடத்துலயே வச்சு, முறையாச் செஞ்சு அனுப்பிச்சிட்டா ஒன்னய ஒண்ணும் அண்டாதுன்னு..."

"என்ட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

"நீ சங்கடப்படுவேன்னு..."

"சங்கடமா? பதினாறு நாளா நான் பட்டதுக்குப் பேரு என்ன? எனக்காகச் செய்யிறேன்னு என் மரத்தையெல்லாம் அதுக வாயில குடுத்திருக்கீக. நான் ஒரு பக்கம் ஒங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு முழுங்கிட்டு நின்னேன், நீங்க ஒரு பக்கம் எனக்குத் தெரியக்கூடாதுன்னு முழுங்கிட்டு நின்னீக. குரங்குகூட ஒண்ணப் பாத்து ஒண்ணு பல்லக் காட்டியாவது சொல்லிருது!"

"சத்தம் போடாத. வெளிய கேக்கும்."

"கேக்கட்டும்."

அவளுக்குக் கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இந்த மனிதர் ஓடிவந்த ஓட்டமும், கேட்பதற்கு முன்னால் சொன்ன பொய்யும் தனக்காகத்தான். அதை இப்போது வெளியே விட்டால் தோற்றுவிடுவோம் என்று தோன்றியது. அவள் வெளியே போனாள்.

பீடத்துக்கு முன்னால் வாழையிலை விரித்திருந்தது. வினோத்ராஜ் படம் எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தான். "சித்தி, கொஞ்சம் இந்தப்பக்கம் திரும்புங்க."

"போன இறக்கு. எல்லாரும் கேளுங்க" என்றாள். குரல் அவள் எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக வந்தது. "அது தானாத் தாவல. நான் கல்லெறிஞ்சேன். காய அழிச்சதுன்னு எறிஞ்சேன். சாகணும்னு எறியல. ஆனா செத்தது என் கல்லுலதான்."

துடுப்பு அண்டாவில் நின்றது.

"ஏண்டி..." என்றாள் மூக்கம்மாள். "அப்ப அது ஒன்னயப் பாத்துச் சிரிச்சது?"

"சிரிப்பு இல்ல மதினி. பயம். இன்னொண்ணையும் கொன்னுருவேனோன்னு பயம்."

மூக்கம்மாள் வேலியைப் பார்த்தாள். சந்தனம்மாளைப் பார்த்தாள். பதினாறு நாளாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயிற்று.

"கொன்ன எடத்துல குடிவைக்க விட்டுட்டு வாயில மண்ணை அள்ளிப் போட்டுட்டு நின்னிருக்கியே, பாவி. இந்த மண்ணுல அவரு எப்பிடி இருப்பாரு? ஏலே வினோத்து, பிடிமண்ணு எடுலே. வேற எடத்துல வைப்போம்."

ஒரு மஞ்சள்துணியில் பீடத்தடி மண்ணை ஒரு பிடி எடுத்து முடிந்தார்கள். சாமியை இடம் மாற்ற அதுதான் முறை. மூக்கம்மாள் முடிச்சை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"சரி, எங்க வைக்கிறது? ஒங்க தோட்டந்தேன் பக்கம். வா."

வினோத்ராஜ் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தான். "எங்கப்பாட்ட ஒரு வார்த்த கேக்கணும் பெரியத்த. செவ்வாக்கெழம காய் பறிக்க ஆளு வருது."

"அப்ப ஒங்க தோட்டம், முத்துவீரா?"

அடுத்த தோட்டக்காரர் முத்துவீரன் தலையைச் சொறிந்தார். "இல்லக்கா, இமாம்பசந்து இப்பத்தேன் முத்தி வருது. பறிச்சு முடிக்கட்டும். அப்புறம் பாப்போம்."

"நீங்க?"

"நமக்கு வேலி சரியில்லீங்க."

மூக்கம்மாள் முடிச்சோடு ஒவ்வொரு முகமாகத் திரும்பினாள். எல்லாரும் மாமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தனம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த நேரத்தில் சிரித்தால் அடித்தே விடுவார்கள் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடைசியில் மலைரோட்டுப் பாலத்துக்கு அடுத்த புறம்போக்கில் வைப்பது என்று முடிவாயிற்று. அங்கே யாருடைய காயும் இல்லை. மேளக்காரர்கள் முன்னால் போக, ஊர்ச்சனம் பின்னால் கலைந்து போனது. சுண்டல் அண்டாவை மட்டும் டாட்டா ஏஸ் வண்டியில் ஏற்றினார்கள். கொலைகாரி வீட்டு அரிசியில் ஆக்கிய புளியோதரையை எடுத்துப் போகலாமா கூடாதா என்பதில் கருத்து ஒத்துவரவில்லை. அப்படியே விட்டுப் போனார்கள். போகும்போது மூக்கம்மாள் அவள் பக்கம் திரும்பவே இல்லை. இனி எத்தனை மாதத்துக்கோ.

வேலியிலிருந்து ஒரு குரங்கு இறங்கியது. பிறகு இரண்டு.

"அண்டாவ விட்டம்னா இன்னிக்கே எல்லாம் முடிஞ்சது. அந்தப் பக்கம் புடிங்க" என்றாள்.

வேலுச்சாமி வெள்ளைச் சட்டையோடு ஒரு காதைப் பிடித்தார். அவள் ஒரு காதைப் பிடித்தாள். பாதித் தூரத்தில் ஒருதரம் வைத்து மூச்சு வாங்கினார்கள். மூளி பத்தடி தள்ளி அவர்கள் கூடவே நடந்து வந்தாள். உள்ளே வைத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டபோது ஓட்டுமேல் தடதடவென்று கால்கள் ஓடின. அப்புறம் அடங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மூளி பீடத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, வெற்று இலையைப் புரட்டிப் பார்த்து, கிழித்து, கீழே போட்டாள். இன்றைக்குப் போகமாட்டாள். நாளைக்கும் போகமாட்டாள். நான்கு நாள் ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒருவேளை கிளம்புவாள். காய் பறிப்புக்கு ஆறு நாள் இருந்தது.

"நான் ரவைக்கெல்லாம் காவல் இருக்கணுமா?" என்றார் வேலுச்சாமி.

"இருட்டுல அதுக எறங்காது. விடிஞ்சதுலேர்ந்து இருக்கணும். நீங்க தெக்கு, நான் வடக்கு. யாரு பழம் கொண்டாந்தாலும் உள்ள விடக்கூடாது. ஒங்க அக்காவே வந்தாலும்."

"அக்கா இனி வராது."

"வருவாக. எனக்குச் சாவு வந்தா வருவாக."

அவர் தரையில் உட்கார்ந்தார். அவள் தட்டில் புளியோதரையை வைத்து நகர்த்தினாள். தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அண்டாவில் இன்னும் நூறு பேருக்கு இருந்தது. அவர் ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் வைக்கப்போய், கையை நிறுத்தி அவளைப் பார்த்தார். ஏதோ சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. முப்பது வருடமாகத் தெரிந்த யோசனை.

"என்ன? வாயத் தொறந்து சொல்லுங்க."

"உப்பே போடல" என்றார்.

அவளும் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். உண்மைதான். அண்டா முழுக்க ஒரு கல் உப்பு இல்லை.